அம்மா உப்பை விட்ட நாற்பத்தெட்டு நாள்

என் நோய் ஒரு பட்டியலாகத்தான் தொடங்கியது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெண்கள் போகக்கூடிய கழிவறை எங்கெங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். ஒரு பெட்ரோல் பங்க். பூட்டியே கிடக்கும் ஒரு பஞ்சாயத்துக் கழிவறை, சாவி எதிர்க்கடையில். கூனிமேட்டில் தையல் கடை வைத்திருக்கும் மும்தாஜ் அக்காவின் வீடு. பொம்மையார்பாளையம் தாண்டினால் ஒரு ஓட்டல், ஆனால் அங்கே காபி வாங்கியாக வேண்டும். ரத்தம் வந்தது இதற்கெல்லாம் மூன்று மாதம் கழித்து.

எனக்கு இருபத்தாறு வயது. வேதியியல் படித்தேன். உப்புக்கு அயோடின் சேர்க்கும் ஒரு சின்ன ஆலையின் ஆய்வகத்தில் வேலை. ஈரம் எவ்வளவு, அயோடின் எவ்வளவு, மண் எவ்வளவு என்று மூட்டைக்கு மூட்டை சோதித்து எழுதுவேன். வாரத்தில் இரண்டு நாள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு பேருந்தில் புதுச்சேரிக்குப் போவேன். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார்கள். அப்பா பாத்தியில் பலகை இழுப்பார், அம்மா கூடை சுமப்பாள்.

குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் கழிவுப் பையோடு வீடு திரும்பியிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களைப் போல் நானும் நம்பிக்கை தரும் கட்டுரைகள் நிறைய படித்தேன். ஒன்றிலும் நாற்றம் இல்லை. இதில் இருக்கும்.

மும்தாஜ் அக்காவை எனக்கு முன்பின் தெரியாது. ஒரு நாள் கூனிமேட்டில் பாதி வழியில் இறங்கி, சாலையோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தவர், "உள்ள போம்மா, பின்னாடி லெஃப்ட்ல இருக்குது" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. உள்ளே பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தது. வெளியே வந்து நன்றி சொன்னதற்கு, "அல்லா யாரையாச்சும் அனுப்புவான்னுதான் தண்ணி பிடிச்சு வச்சிருந்தேன். என்ன, கொஞ்சம் பெரிய ஆளா அனுப்பியிருக்கலாம், பிளவுஸாவது தைக்கக் குடுத்திருப்பாங்க" என்று சிரித்தார்.

புதுச்சேரியில் குடல்நோக்கிப் பரிசோதனை (மெல்லிய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்தார்கள். அல்சரேடிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் கசியும் நீண்டகால நோய்) என்று பெயர் சொன்னார்கள். ஏன் வந்தது என்று கேட்டேன். "தெரியலைம்மா. எங்களுக்கும் தெரியாது" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு என்னிடம் காரணம் சொன்ன அத்தனை பேரையும்விட அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

காரணம் சொல்ல வந்தவர்கள் பலர். கருவாடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், ஆய்வக மருந்து நெடி என்றார்கள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பெருமுக்கல்லிலிருந்து வந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடியபடி கட்டிலருகே உட்கார்ந்து, "வெளிய யார்கிட்டயும் பீ, ரத்தம்னு சொல்லிக்கினு இருக்காத. அல்சருன்னு சொல்லு. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல" என்றாள். போகும்போது, "அவ படியளப்பா, கவலைப்படாத" என்று திருநீறு வைத்தாள். மூக்கிலிருந்து தலைப்பை எடுக்கவே இல்லை.

அந்த வார்த்தை எனக்குக் குமட்டும். அவ படியளப்பா. எங்கள் ஊர் மாரியம்மன் ஒவ்வொருவருக்கும் அன்றாடம் வேண்டியதைப் படியால் அளந்து போடுவாள் என்று அர்த்தம். மழையில் உப்பளம் மூழ்கி வேலை நின்றால் அம்மா அதைத்தான் சொல்வாள். ஸ்டீராய்டு மாத்திரையால் என் முகம் பன்னைப் போல் உப்பியபோதும் சொன்னாள். எனக்கு அளவு என்றால் எண் வேண்டும். எத்தனை மில்லி, எத்தனை கிராம், எந்தத் தேதிக்குள். படியளக்கிறவளிடம் ரசீது கேட்க முடியாது என்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு வருடம் மாத்திரை, ஊசி, மீண்டும் மாத்திரை. ஐப்பசியில் ஒரு வாரம் ரத்தம் நிற்கவே இல்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு இலியோஸ்டமி (சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைப்பது) செய்தார்கள். சரியாக அதே வாரம் மழை பிடித்து உப்பளமும் மூடிக்கொண்டது.

ஸ்டோமா (வெளியே தைக்கப்பட்ட அந்தக் குடல்வாய்) என்னுடையது வலப்பக்கம், தொப்புளுக்குச் சற்றுக் கீழே. சிவப்பாக, ஈரமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது அசையும். நான் சொல்லாமலே அசையும். முதல் முறை பையை மாற்றும்போது பார்த்துவிட்டு வாந்தி எடுத்தேன். கட்டுக்குள் வைக்க வழியே இல்லாத பழுப்பு நீர் என் தொடையில் வழிந்தது. புளித்த மாவு, ரப்பர் பசை, பித்தம், மூன்றும் கலந்த வாடை.

"திட்டாதீங்க மேடம். அது பாட்டுக்கு அது வேலையைச் செய்யுது" என்றார் நர்ஸ். நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்பா வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கழிமுகத்துல மதகு வச்ச மாதிரி வச்சுட்டாங்க? நல்லதுதான். தொறக்க, மூட ஆள் போட வேணாம்." எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது பதினொரு குறிப்புகள் கொண்ட ஒரு தாள் கொடுத்தார்கள். நான் அதை ஒரு நோட்டில் என் கையெழுத்தில் படியெடுத்தேன். பிறகு மூன்று பத்திகள் கோடு போட்டேன்: நேரம், அளவு, குறிப்பு. பையைக் காலி செய்யும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பிடித்து எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோப்பையின் அளவுக்கோட்டைப் பார்க்க மட்டும் ஒரு நொடி திரும்புவேன்.

தாளின் ஏழாவது குறிப்பு: உணவில் உப்பு கூடுதலாகச் சேர்க்கவும், வெறும் தண்ணீரைக் குறைத்து உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கவும்.

கார்த்திகை பாதியில் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் மஞ்சள் துணி முடிந்திருந்தது.

"கலை, ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். ஒரு மண்டலம் உப்பை விடுறேன்னு. நாப்பத்தெட்டு நாள். இந்த வீட்டு உலையில உப்பு விழக்கூடாது."

"அப்பா?"

"அவரும்தான். உப்புல பொறந்து உப்புல சாவுற சாதி நாம. அவளுக்குக் குடுக்க வேற இன்னா இருக்குது நம்மகிட்ட? இருக்கறதுலயே பெருசைத்தான் குடுக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு ஆவுமா? டாக்டரு ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா? நீதான படிச்சவ, சொல்லு" என்றாள்.

ஏழாவது குறிப்பு என் மடியில் இருந்த நோட்டில் இருந்தது. "ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் சிலருக்கும் இந்த எண்ணம் வந்திருக்கும். உப்பில்லாத கஞ்சியை யாரும் நிறையச் சாப்பிட முடியாது. குறைவாகச் சாப்பிட்டால் பையில் குறைவாக வரும். குறைவாக வந்தால் அந்தக் கோப்பையைக் குறைவாகப் பார்க்கலாம். அம்மாவின் பக்தி என் அருவருப்புக்கு வசதியாக இருந்தது. நாற்பத்தெட்டு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று கணக்குப் போட்டேன். மூட்டை மூட்டையாக உப்பைச் சோதிப்பவள் போட்ட கணக்கு அது.

என் கணக்கு முதல் வாரமே தவறியது. சாப்பாடு குறைந்தது, வெளியேறுவது குறையவில்லை. தொள்ளாயிரம், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐநூறு என்று நோட்டில் ஏறிக்கொண்டே போனது. தாகம் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். குடித்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் நீராகவே பைக்கு வந்தது. மறுபடியும் தாகம், மறுபடியும் தண்ணீர். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. சிறுநீர் நாளுக்கு இரண்டு முறை, டீ டிகாஷன் நிறத்தில்.

இவ்வளவையும் நேரம் போட்டு அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுதியதைப் படிக்கத்தான் இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாயடியில் விழுந்தேன். பை பிய்ந்துகொண்டது. பக்கத்து வீட்டார் ஓடி வந்து, மூன்றடி தள்ளியே நின்றார்கள். அம்மாதான் என் நைட்டியோடு சேர்த்து அள்ளித் தூக்கினாள். அவள் கழுத்திலும் கையிலும் என் கழிவு. ஆம்புலன்ஸ் வரும்வரை, "படியளப்பா, படியளப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்கத் தெம்பிருந்தால் அம்மாவைப் பார்த்து அன்று கத்தியிருப்பேன்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கியிருக்கும் அளவு) இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. ரத்தத்தில் சோடியம் (உப்பின் பகுதி) மிகவும் இறங்கியிருந்தது. இரண்டு நாளில் சிறுநீரகம் திரும்பாவிட்டால் டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) என்றார் டாக்டரம்மா. பிறகு என் கட்டிலருகே நின்ற அப்பா, அம்மா இருவரிடமும் கேட்டார்.

"வீட்ல உப்பு எவ்வளவு போடுறீங்க?"

அம்மா நிமிர்ந்து சொன்னாள். "போடலைங்க டாக்டரம்மா. வேண்டுதலு."

டாக்டரம்மா கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார். பெருங்குடல்தான் உப்பையும் நீரையும் உறிஞ்சித் திரும்ப உடம்புக்குக் கொடுக்கும். எனக்கு அது இல்லை. பையில் போகும் நீரோடு என் உடம்பின் உப்பும் சேர்ந்து போகிறது. வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க, மிச்சமிருப்பதையும் அது அரித்துக்கொண்டு போகும்.

அப்பா தலையை ஆட்டினார். "பாத்தியில மழை பெஞ்ச மாதிரிங்களா? தண்ணி நெறைய நிக்கும், உப்பு டிகிரி எறங்கிடும், உப்பு கட்டாது."

"அதேதான்."

"அப்ப இந்தப் பாட்டில்ல ஏத்துறது?"

"உப்புத்தண்ணிதாங்க."

அம்மா அந்தப் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். குழாய் வழியே சொட்டு சொட்டாக என் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய வேண்டுதல் அவள் கண்ணெதிரில் கலைந்துகொண்டிருந்தது, அவளோ என் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் சாமி குற்றமா, எடுக்காவிட்டால் சாமி குற்றமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எடுக்கவில்லை.

டாக்டரம்மா போனபின் அப்பா என்னிடம் கேட்டார். "உனக்கு இது தெரியாதாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு என் மேலேயே அவ்வளவு வெறுப்பு, பொய்க்குக்கூடத் தெம்பில்லை. "தெரியும். தாள்ல எழுதியிருந்தது. ஏழாவது."

 அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவ அளந்துதான் குடுத்தனுப்பியிருக்கா. தாளுல எழுதியே அனுப்பியிருக்கா. நீ எடுத்துக் கீழ கொட்டிட்டு, என்னையும் கொட்ட வச்சிருக்க. ச்சீ."

அந்த ச்சீ பைக்காக வந்ததில்லை. என் கழிவை மேலெல்லாம் பூசிக்கொண்டு தூக்கியவள் அவள். அப்போதெல்லாம் அவள் வாயில் வராத சொல் அது.

இரண்டாம் நாள் மாலை சிறுநீர் நிறம் மாறியது. கிரியாட்டினின் இறங்கத் தொடங்கியது. இன்னொரு முறை இப்படி வந்தால் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோயிலுக்குப் போய் வந்தாள். பூசாரியைக் கேட்டாளா, ஆத்தாவையே கேட்டாளா, தெரியாது. வந்து அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தாள்.

"வேண்டுதலு என்னுது. உன்னையும் உங்கப்பாவையும் சேத்துக்கிட்டது என் பேராசை. நீங்க உப்பு துன்னுங்க. நான் முடிக்கிறேன்."

"இன்னும் எதுக்கும்மா? அவதான் என்னைச் சாவ விட்டாளே."

"அவளா விட்டா?" என்று கேட்டுவிட்டு அரிசி களைந்தாள். 

அப்போது ஒரு சிக்கல் வந்தது. விரதத்தில் இருப்பவள் உப்பு போட்டதை நாக்கில் வைக்கக்கூடாது. ஆகவே அவளால் எனக்கு ருசி பார்த்துச் சமைக்க முடியாது. நான் ஆய்வகத்திலிருந்து ஒரு அளவுக்கரண்டி வரவழைத்து, எது எதற்கு எத்தனை என்று சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்குப் படிக்க வராது, கரண்டியை எண்ணுவாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு போடுவாள். பிறகு ஒரு கரண்டி ரசத்தை என் உள்ளங்கையில் ஊற்றிக் கேட்பாள்.

"போதுமா?"

"கம்மி."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"ஏன்டி, கடலையே குடிச்சுடப் போற."

தினமும் காலையில் ஒரு லிட்டர் கரைசல் கலக்கினேன். அளவை இங்கே எழுத மாட்டேன். அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என் அளவு உங்களுக்குச் சரிவராது. கேட்டதை எழுதி வையுங்கள், எழுதியதைப் படியுங்கள். கோப்பையை முகத்தைத் திருப்பாமல் பாருங்கள். பார்த்தால் அருவருப்பு போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை. போகாது. எனக்கு இன்றும் குமட்டுகிறது. ஆனால் அந்தக் குமட்டலை நம்பி முடிவெடுத்தால் சிறுநீரகம் போகும்.

ஒரு நாள் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். உப்பளத்தில் பாத்தித் தண்ணீரைப் பார்க்கும் அதே பார்வை.

"முந்தி தண்ணியா போச்சு. இப்ப கெட்டியாவுது. கட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்றாள். அறுநூற்றைம்பது மில்லி. அன்றைய குறிப்பு பத்தியில் நான் எழுதியதும் அதையேதான்: கட்டிக்கொண்டது.

நாற்பத்தெட்டாம் நாள் தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மழை ஓய்ந்து உப்பளம் திறந்திருந்தது, அப்பா பாத்தித் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தப் போய்விட்டார். அம்மா விடியலில் குளித்து, கோயிலில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்து, நேராக அடுப்படிக்குப் போனாள். அவளுடைய சட்டியில் எதுவும் இல்லை. என் ரசத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. முற்றத்துக்கு ஓடித் துப்பினாள்.

"தூ! இதையா துன்ற இத்தனை நாளா? மனுசி வாயில வைக்கிற மாதிரியா இருக்குது?"

"எனக்கு அளந்தது அவ்வளவும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெற்றி பெற்றவள் போல் ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். "வாயெல்லாம் கரிக்குது, வெல்லம் எங்க வச்ச?" என்றுதான் கேட்டாள்.

நான் பக்தையாகிவிடவில்லை. பெரியம்மா வந்து அந்த வார்த்தையைச் சொன்னால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். மூக்கை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்கு அந்த வார்த்தை மேல் உரிமை இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு வந்தவற்றை எண்ணிப் பார்த்தால் எல்லாம் அந்தந்த நேரத்துக்கு மட்டும் போதுமானவையாகவே வந்திருக்கின்றன. ஒரு பக்கெட் தண்ணீர், தாளில் ஏழாவது வரி, ஒரு பாட்டில் உப்புநீர். எதையும் சேர்த்து வைக்க முடியவில்லை. வந்தபோது எடுத்துக்கொள்ளாமல் விட்டது நான்.

குடலை உள்ளேயே இணைக்க முடியுமா என்று பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அதற்கு நோட்டில் பக்கம் ஒதுக்கவில்லை. முன்பெல்லாம் ஐந்து வருடத்துக்குத் திட்டம் எழுதுகிறவள் நான். இப்போது என் நாள் ஆறு கோப்பை. ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பதுதான் எனக்குக் கைவசம் உள்ள நேரம்.

போன வாரம் மீண்டும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். கூனிமேட்டில் பை நிறைந்திருந்தது. இறங்கினேன். மும்தாஜ் அக்கா பின்கதவைக் காட்டினார். உள்ளே அன்றும் பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தது. வெளியே வந்ததும் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் நானாகச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் மூக்கைத் தொடவில்லை.

"ஒரு தடவ போனா எவ்ளோ நேரம் தாங்கும்?"

"நாலு மணி நேரம்க்கா."

"அட, நெறைய இருக்குதே! திண்டிவனம் போய் பிரியாணி துன்னுட்டே வந்துடலாம்."

பேருந்தில் ஏறி, புட்டியிலிருந்த உப்புக்கரைசலை இரண்டு மடக்கு குடித்துவிட்டு நோட்டைத் திறந்தேன். நேரம் எழுதினேன். அளவு எழுதினேன். குறிப்பு பத்தியில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினேன்: தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள்.